கிளட்ச் இல்லாத கான்டெஸா

ஆட்டோமேட்டிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். கியர் கம்பி ‘டி’-யில் இருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது. ஓட்டுகிறவரின் கால் பிரேக்கில். வண்டி அசையாமல் நிற்கிறது. சாதாரண காரில் இதே காரியத்தைச் செய்தால், அதாவது கியரில் வைத்துப் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டால், வண்டி ஓர் உதறு உதறி அணைந்துவிடும். டிரைவிங் ஸ்கூலில் நாம் எல்லோரும் பட்ட அவமானம் அது. இங்கே கிளட்ச் மிதியே கிடையாது. பிறகு எஞ்சினையும் சக்கரத்தையும் எது பிரித்து வைக்கிறது?

திருவண்ணாமலைக்காரர்கள் இதை நிதானமாக யோசிக்க மாதம் ஒருமுறை வாய்ப்புக் கிடைக்கிறது. பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கே முதலிடம். வண்டிகள் எல்லாம் செங்கம் சாலையிலும் வேட்டவலம் சாலையிலும் அவலூர்பேட்டை சாலையிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. கிளட்ச் வண்டிக்காரருக்கு இடது முழங்கால் போய்விடும். அப்போதுதான் பழைய கார் வைத்திருப்பவருக்கு அந்த ஆசை வரும்: இருக்கிற வண்டியில் நல்ல பெரிய எஞ்சினாகப் போட்டு, கூடவே ஓர் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியும் வைத்துவிட்டால் என்ன?

எந்தப் பெட்டி என்று கேட்டால், “எஞ்சினோட பவரைத் தாங்குற பெட்டி” என்பார்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதி டயரிலும் சாலையிலும் எண்ணெயின் சூட்டிலும் இருக்கிறது.

எண்ணெய் பிடிக்கிற பிடி

கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இம்பெல்லர் தெரியும். வளைந்த இதழ்கள் கொண்ட ஒரு சக்கரம். அது சுற்றும்போது நடுவில் இருக்கும் தண்ணீரை ஓரத்துக்கு வீசுகிறது. ஆட்டோமேட்டிக் காரின் எஞ்சினுக்குப் பின்னால் அதேபோன்ற ஒரு சக்கரம் இருக்கிறது, தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய். பெயரும் இம்பெல்லர்தான். எஞ்சின் இதைச் சுற்றுகிறது. இதற்கு எதிரே முகத்தோடு முகம் வைத்தாற்போல் இன்னொரு இதழ்ச் சக்கரம், டர்பைன். கியர் பெட்டிக்குள் போகும் தண்டு இந்த டர்பைனில் மாட்டியிருக்கிறது. இம்பெல்லர் வீசும் எண்ணெய் டர்பைனின் இதழ்களில் மோதி அதைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் இரும்பு எதுவும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை.

சந்தேகத்துக்கு விடை இதுதான். பிரேக் மிதித்திருக்கும்போது டர்பைன் நிற்கிறது, இம்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் வீச்சு பலவீனம். பிரேக்கை மீறி வண்டியைத் தள்ள முடியாது, எஞ்சினை அணைக்கவும் முடியாது. காலை எடுத்தால் வண்டி தானாக ஊர்கிறதே, அதுவும் இந்தப் பலவீனமான தள்ளல்தான்.

இந்த இணைப்புக்கு முறுக்கு மாற்றி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மெக்கானிக்குகள் ‘கன்வெர்ட்டர்’ என்பார்கள். இதைக் கண்டுபிடித்தவர் கார்களை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. 1905-இல் காப்புரிமை வாங்கிய ஹெர்மன் ஃபெட்டிங்கர் அன்றைய ஜெர்மனியின் ஷ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். கப்பலின் நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றும், கப்பல் விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் பல்சக்கரம் இல்லாமல் திரவத்தால் இணைக்கப் பார்த்தார்.

அவருடைய வித்தை மூன்றாவது சக்கரத்தில் இருக்கிறது. டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெய் தவறான திசையில் சுழன்றபடி வருகிறது. அப்படியே விட்டால் இம்பெல்லரை எதிர்த்துத் தள்ளும். நடுவில் ஸ்டேட்டர் என்ற அசையாத இதழ்ச் சக்கரத்தை வைத்து அந்த எண்ணெயைத் திருப்பிவிட்டார். திரும்பிய எண்ணெய் இம்பெல்லருக்கு உதவியாகப் போய்ச் சேர்கிறது. விளைவு: வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை (சுழற்றும் பலம்) ஏறக்குறைய இரண்டு மடங்காகி டர்பைனில் கிடைக்கிறது. வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க இந்த மடங்கு குறைந்துகொண்டே வந்து ஒன்றாகிவிடும். பல் இல்லாத, படி இல்லாத ஒரு கியர் இது.

இதன் பலத்தை நம்பித்தான் 1950-இல் ஷெவர்லே தன் பவர்கிளைட் பெட்டியை இரண்டே கியரோடு விற்றது. நம் ஊர்ப் பெரிய மனிதர்களின் போர்ட்டிகோவில் நின்ற அறுபதுகளின் இம்பாலாக்களில் பலவற்றில் இருந்தது அதுதான். அத்தனை பெரிய கப்பல் காருக்கு இரண்டு கியர் போதுமா என்று அன்று வியந்தார்கள். போதும். மிச்சத்தைக் கன்வெர்ட்டர் பார்த்துக்கொண்டது.

நிறுத்தினால் மாறும் விகிதம்

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உண்மையான கியர்கள். கையால் மாற்றும் பெட்டியில் பல்சக்கரங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். நாம் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறோம். ஆட்டோமேட்டிக்கில் எல்லாச் சக்கரமும் எப்போதும் ஒன்றோடொன்று பிடித்தபடியே இருக்கும். நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றி மூன்று நான்கு கோள் சக்கரங்கள், வெளியே உள்பக்கம் பல் வெட்டிய வளையம். இதைக் கோள் பல்லிணை என்போம்.

வளையத்தில் 72 பல், சூரியனில் 40 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு சூரியனைச் சுற்றினால், கோள்களைத் தாங்கும் சட்டம் 2.8-க்கு ஒன்று என்று மெதுவாகச் சுற்றும். பலம் 2.8 மடங்கு. எந்த இரண்டையாவது சேர்த்துப் பூட்டினால் மொத்தமும் ஒரே கட்டியாகச் சுற்றும், ஒன்றுக்கு ஒன்று. சூரியனைப் பிடித்துக்கொண்டு சட்டத்தைச் சுற்றினால் வளையம் எஞ்சினைவிட வேகமாகப் போகும். சட்டத்தைப் பிடித்தால் ரிவர்ஸ். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதைத்தான் பெட்டிக்குள் இருக்கும் தகட்டுக் கிளட்சுகளும் பட்டைகளும் எண்ணெய் அழுத்தத்தால் செய்கின்றன. கிளட்ச் மிதிதான் இல்லை, உள்ளே கிளட்ச் நிறைய.

ஒரு கான்டெஸாவை எடுத்துக்கொள்வோம்

கணக்குப் போட ஒரு வண்டி வேண்டும். 1984-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்து 2002 வரை விற்ற கான்டெஸாவை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அதற்கு வாய்த்தது அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின், ஐம்பது குதிரைத்திறன். அந்த உடம்புக்கு அது அநியாயம். பிறகு வந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் கொஞ்சம் மரியாதை சேர்த்தன, எண்பத்துச் சொச்சம் குதிரைத்திறன்.

இந்த வண்டியின் பூர்வீகம் பிரிட்டனின் வாக்ஸால் விக்டர், 1972-இல் வந்த வடிவம். அதே உடம்பில் வென்டோரா என்ற பெயரில் 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை வாக்ஸாலே வைத்து விற்றது. விரும்பியவர்களுக்கு ஆட்டோமேட்டிக்கும் கொடுத்தது. ஆகவே கான்டெஸாவின் பானெட்டுக்கு அடியில் ஆறு சிலிண்டர் போடுவது பைத்தியக்கார யோசனை இல்லை. வரைந்தவர்களே அதற்கு இடம் விட்டிருந்தார்கள். இன்று இந்தியாவில் கான்டெஸாவை முறுக்கேற்றுகிறவர்கள் டொயோட்டாவின் 2ஜேஇசட் எஞ்சினைத் தேடுவது இதனால்தான்: 3 லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத வடிவத்தில் சுமார் 220 குதிரைத்திறன், முறுக்குவிசை சுமார் 280 நியூட்டன் மீட்டர்.

வேக எஞ்சின் கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்காக ஹெரால்டையும் ஃபியட்டையும் பிரித்து மேய்ந்த கைகள் சென்னையிலும் கோவையிலும் இருந்தன. கோவை கரிவரதன் அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அந்த அனுபவம் முழுக்கக் கைக் கியரில் வந்தது. ஆட்டோமேட்டிக்குக்கு அதைப் பாதிதான் கடன் வாங்க முடியும்.

நம் உதாரண வண்டிக்குச் சில எண்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மொத்தம் 1450 கிலோ. பின்சக்கரங்கள் மேல் சுமார் 700 கிலோ. டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகும். பின்னச்சின் ஹவுசிங்கில் இருக்கும் கடைசிப் பல்லிணையான கிரவுன் பினியனின் விகிதம் 3.9. கன்வெர்ட்டர் கிளம்பும்போது இரு மடங்கு கொடுக்கும்.

டயர் போடுகிற கணக்கு

“முதல் கியர் நல்லா லோவா இருக்கணும், அப்பதான் பிக்கப்” என்பது பட்டறை ஞானம். சிறிய எஞ்சினுக்கு அது சரி. நம் ஆறு சிலிண்டருக்கு?

டொயோட்டா இந்த எஞ்சினோடு கொடுத்த ஏ340இ என்ற நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 2.804. கிளம்பும் நேரத்தில் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையை இன்னும் எட்டியிருக்காது, 230 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். கன்வெர்ட்டரில் இரண்டு மடங்கு, முதல் கியரில் 2.8 மடங்கு, கிரவுன் பினியனில் 3.9 மடங்கு. உராய்வில் போவதைக் கழித்தாலும் பின் டயர்கள் சாலையைத் தள்ளப் பார்க்கும் விசை 1400 கிலோ எடைக்குச் சமம்.

காய்ந்த தார்ச்சாலையில் அந்த டயர் தாங்கக்கூடியது எவ்வளவு? தன் மேல் இருக்கும் எடையில் ஏறக்குறைய எண்பது சதவீதம். வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துக்கொண்டால் 650 கிலோ அளவு. கொடுப்பது 1400, வாங்கிக்கொள்வது 650. மீதி எல்லாம் ரப்பர் புகை.

இப்போது அமெரிக்கக் கிளாசிக் கார்க்காரர்கள் கையாளும் மற்ற பெட்டிகளை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். 1982-இல் வந்த 700ஆர்4-இல் முதல் கியர் 3.06. நிலைமை இன்னும் மோசம். டர்போ ஹைட்ரமேட்டிக் 350-இல் 2.52, அதன் அண்ணன் 400-இல் 2.48: 1200 கிலோவுக்கு மேல், இப்போதும் டயர் வழுக்கும். இரண்டே கியர் பவர்கிளைட்டில் முதல் கியர் 1.8 அளவுதான். அதுகூட 900 கிலோ! கிண்டலுக்கு ஆளான அந்த இரண்டு கியர் பெட்டியே நம் டயரை மிஞ்சுகிறது. நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் இன்றும் பவர்கிளைட்டை விடாமல் வைத்திருப்பதன் காரணம் பழம்பாசம் இல்லை, இந்தக் கணக்கு.

ஆக, இந்தக் கான்டெஸாவுக்கு முதல் கியரை வைத்துப் பெட்டி தேடுவதில் அர்த்தம் இல்லை. எந்தப் பெட்டியும் கிளப்பிவிடும். பார்க்க வேண்டியது கடைசிக் கியரை.

திண்டிவனம் தாண்டி, 90-இல்

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குத் திண்டிவனம், செஞ்சி வழியாக வரும்போது நல்ல சாலையில் 90 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். அந்த வேகத்தில் நம் டயர் நிமிடத்துக்கு 750 முறை சுற்றும். கிரவுன் பினியனில் 3.9-ஆல் பெருக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 2925. மூன்று கியர் பெட்டி எதுவானாலும் அதன் மூன்றாவது கியர் ஒன்றுக்கு ஒன்று. எஞ்சினும் 2925-இல் ஓட வேண்டும். மணிக்கணக்கில் காதுக்குள் ஒரே முழக்கம். பெட்ரோல் செலவைச் சொல்லவே வேண்டாம்.

ஏ340இ-யின் நான்காவது கியர் 0.705. எஞ்சின் 2060-க்கு இறங்கிவிடும். இது ஓவர்டிரைவ், முன்பு பார்த்தோமே, சூரியனைப் பிடித்து வளையத்தை ஓடவிடும் அதே வித்தை.

இதோடு இன்னொரு பிரச்சினையும் தீர வேண்டும். எண்ணெய்ப் பிடியில் எப்போதும் கொஞ்சம் நழுவல் இருக்கும். சீரான ஓட்டத்தில்கூட டர்பைன் இம்பெல்லரை விடச் சற்றுப் பின்தங்கியே சுற்றும். அந்த வித்தியாசம் முழுக்க சூடாகப் போகிறது. அதனால் பிற்காலப் பெட்டிகளில் கன்வெர்ட்டருக்குள் பூட்டுக் கிளட்ச் ஒன்று வந்தது. வேகம் சீரானதும் அது இம்பெல்லரையும் டர்பைனையும் இரும்போடு இரும்பாகக் கட்டிவிடும். பழைய டர்போ ஹைட்ரமேட்டிக் 400-இல் ஓவர்டிரைவும் இல்லை, பூட்டும் இல்லை. பலத்தில் யானை, ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவில் அது இருந்தது, 1976-இல் ஃபெராரி முதன்முதலாக ஆட்டோமேட்டிக் விற்றபோது வாங்கிப் போட்டதும் அதையே. அந்தப் பெருமையைக் கேட்டு நெடுஞ்சாலை வண்டிக்கு அதைப் போடுகிறவர்கள் செஞ்சி வருவதற்குள் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

தேக்க வேகம் என்கிற மாய எண்

கன்வெர்ட்டர் வாங்கப் போனால் விற்பவர் முதலில் கேட்பது “ஸ்டால் எவ்வளவு?” பிரேக்கை இறுக்கி மிதித்து, கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் எஞ்சின் ஓர் அளவு வரை ஏறி அதற்குமேல் ஏறாமல் நிற்கும். அதுதான் தேக்க வேகம். வீட்டுக் காருக்கு 2000 பக்கம் இருக்கும். பந்தய எஞ்சினுக்கு 3000, 4000 என்று போவார்கள்.

ஏன்? வேகத்துக்காகக் கூர்மையான கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சின் கீழே சோம்பேறி. 2500-க்குக் கீழே அதற்கு மூச்சே வராது. அதன் பின்னால் 1600-இல் தேங்கும் கன்வெர்ட்டரை வைத்தால், கிளம்பும்போது எஞ்சின் தன் பலவீனமான இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். சிக்னலில் ‘டி’-யில் நிற்கும்போது திணறி அணைந்தாலும் அணையும்.

விற்பவர்கள் அடிக்கடி சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தேக்க வேகம் கன்வெர்ட்டரின் நிரந்தரக் குணம் இல்லை. எஞ்சினின் பலம் கூடினால் அதுவும் கூடும். முறுக்குவிசை இரண்டு மடங்கானால் தேக்க வேகம் சுமார் 1.4 மடங்கு. சிறிய எஞ்சினுக்குப் பின்னால் 1600-இல் தேங்கிய அதே கன்வெர்ட்டர் நம் ஆறு சிலிண்டருக்குப் பின்னால் 2250-இல் தேங்கும். ஆகவே பெட்டி மேல் எழுதிய எண்ணை நம்பாமல், எந்த எஞ்சினுக்குப் பின்னால் அளந்த எண் என்று கேட்க வேண்டும்.

அளவில் சிறிய மாற்றமும் பெரிதாக எதிரொலிக்கும். கன்வெர்ட்டரின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எண்ணெயின் பிடி ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விடும், தேக்க வேகம் 2000-இலிருந்து 2600-க்குத் தாவும். பந்தயக் கன்வெர்ட்டர்கள் கைக்கு அடக்கமாக இருப்பது இதனால்தான்.

நம் 2ஜேஇசட்டின் கேம் ஷாஃப்டை மாற்றவில்லை என்றால் டொயோட்டாவே கொடுத்த கன்வெர்ட்டரை விட்டு நகர வேண்டாம் என்பது என் கட்சி.

பௌர்ணமிக் கூட்டத்தில் எண்ணெய் படும் பாடு

தேக்க நிலையில் எஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது, சக்கரமோ நிற்கிறது. அந்த உழைப்பு எங்கே போகிறது? முழுவதும் எண்ணெயைச் சூடாக்குகிறது. நம் எஞ்சின் 2200-இல் 230 நியூட்டன் மீட்டர் கொடுத்துத் தேங்கினால் அது 50 கிலோவாட்டுக்கு மேல். 5 குதிரைத்திறன் கிணற்று மோட்டார் பதினான்கை ஒரு வாளி எண்ணெய்க்குள் ஓடவிட்டது மாதிரி. கன்வெர்ட்டருக்குள் அந்த நேரத்தில் இருக்கும் எண்ணெய் இரண்டு மூன்று லிட்டர்தான். விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறும். ஸ்டால் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் செய்யாதே என்று கையேடுகள் அடித்துச் சொல்வது இதற்காக.

பௌர்ணமி நெரிசலில் யாரும் முழு ஆக்சிலேட்டர் கொடுப்பதில்லை. எஞ்சின் 700-இல் சும்மா ஓடுகிறது, கால் பிரேக்கில். கன்வெர்ட்டரில் உண்டாகும் சூடு 1.7 கிலோவாட் அளவுதான், குளியலறை வாட்டர் ஹீட்டரைவிடக் குறைவு. ஆனால் அது நிற்காமல் உண்டாகிறது. பெட்டியில் மொத்தம் 8 லிட்டர் எண்ணெய் என்றால், குளிர்விக்க ஏற்பாடே இல்லாத நிலையில் நிமிடத்துக்கு 7 டிகிரிக்கு மேல் ஏறும். பத்து நிமிடத்தில் எழுபது டிகிரி. வேட்டவலம் சாலையில் பத்து நிமிடம் நின்றோம் என்றால் அது நல்ல நாள்.

நல்ல பெட்டிகளின் எண்ணெய் 80, 90 டிகிரியில் வேலை செய்யும்படி அமைத்தது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழில் செய்கிறவர்கள் கையாளும் உத்தேசக் கணக்கு. சூடான எண்ணெய் கெட்டு, உள்ளே தகட்டுக் கிளட்சுகள் நழுவி, நழுவியதால் இன்னும் சூடாகி... ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் பெரும்பாலானவை சாவது இப்படித்தான், பலம் தாங்காமல் உடைந்து போவது குறைவு.

அதனால் மூன்று லிட்டர் கான்டெஸாவுக்குக் கியர் பெட்டியோடு சேர்த்து வாங்க வேண்டிய முதல் பொருள் தனி எண்ணெய்க் கூலர். ரேடியேட்டருக்குள் போகும் குழாய் மட்டும் போதாது. சித்திரை வெயிலில் ரேடியேட்டர் தண்ணீரே 90 டிகிரியில் இருக்கும். கூலருக்கு மின்விசிறியும் வேண்டும். நிற்கிற வண்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஓட்டுகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இரண்டு மூன்று நிமிடம் நகராது என்று தெரிந்தால் ‘என்’-இல் போட்டுவிடுவது. டர்பைன் இம்பெல்லரோடு சேர்ந்து தடையில்லாமல் சுற்றும், சூடு மிகக் குறைந்துவிடும்.

சூட்டின் இன்னொரு இடம் மலை. போளூரிலிருந்து ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர் போகும் வளைவுகளில் 40-இல் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது கியரில் எஞ்சின் வெறும் 900 சுற்றில் இருக்கும். பூட்டுக் கிளட்ச் விட்டுவிடும், ஏற்றத்தின் சுமை முழுவதும் நழுவும் எண்ணெய் மேல். கம்பியை இழுத்து ‘2’-இல் வைத்தால் எஞ்சின் 2000-இல், தன் வசதியான இடத்தில். இறங்கும்போதும் அதே ‘2’. எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும், பிரேக் கருகாது.

கியரை யார் மாற்றுகிறார்?

பழைய ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனாலும் கியர் சரியான நேரத்தில் மாறியது. பெட்டியின் அடியில் வால்வு பாடி என்று ஓர் அலுமினியக் கட்டி, அதில் புழுத்துளை மாதிரி வழிகள், சின்னச் சின்ன வால்வுகள். ஒவ்வொரு வால்வின் ஒரு முனையில் வண்டியின் வேகத்தைச் சொல்லும் எண்ணெய் அழுத்தம் தள்ளும். இன்னொரு முனையில் நம் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைச் சொல்லும் அழுத்தம். வேகம் ஜெயித்தால் மேல் கியர், கால் ஜெயித்தால் கீழ் கியர். மலையேற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் கியர் இறங்குவது இந்த மல்லுக்கட்டில்தான். மின்சாரம் இல்லாமல், எண்ணெயை வைத்தே கணக்குப் போட்ட அந்தக் கட்டியைக் கையில் வைத்துப் பார்க்கும் யாருக்கும் அதை வரைந்தவர்மேல் பொறாமை வரும்.

இந்தக் கணக்குக்கு எஞ்சினின் சுமை சரியாகத் தெரிய வேண்டும். டர்போ ஹைட்ரமேட்டிக் 350-உம் 400-உம் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் உள்ள வெற்றிடத்தை வைத்துத் தெரிந்துகொண்டன. 700ஆர்4 ஒரு கேபிளை நம்பியது, கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போவது. பிரேக் கேபிள் மாதிரிச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அது சில மில்லிமீட்டர் தளர்ந்தாலும் உள்ளே அழுத்தம் குறைந்து கிளட்ச் தகடுகள் இறுகப் பிடிக்காமல் நழுவும். கொஞ்ச தூரத்திலேயே பெட்டி கருகிவிடும். வேறு எஞ்சினுக்கு, வேறு கார்புரேட்டருக்கு இந்தப் பெட்டியை மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்தக் கேபிளில்தான். அடுத்த தலைமுறை மின்னணுப் பெட்டிகளில் இந்த வேலையைக் கணினி பார்க்கிறது. அதற்கு அந்தக் கணினியும் அதோடு பேசத் தெரிந்த எஞ்சினும் வேண்டும். ஆறு, எட்டு கியர் கொண்ட இன்றைய பெட்டிகளைப் பழைய காரில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இரும்பு வேலையைவிட வயரிங் வேலைதான் கழுத்தைப் பிடிக்கும்.

நம் ஊரில் விற்கும் சின்ன ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கன்வெர்ட்டரே இல்லை. சாதாரணக் கியர் பெட்டிக்கு ஓர் இயந்திரக் கையை மாட்டி, நமக்காகக் கிளட்சை மிதிக்க வைத்த ஏற்பாடு அது. மைலேஜ் நன்றாகக் கிடைக்கும். இந்த அத்தியாயத்துக்கு அது உறவு இல்லை.

பெட்டியை இறக்கிவிட்டு

டர்போ இல்லாத 2ஜேஇசட் போட்ட கான்டெஸாவுக்கு என் தேர்வு அதோடு பிறந்த ஏ340இ. பெல் ஹவுசிங் தானாகப் பொருந்தும், ஓவர்டிரைவும் பூட்டும் உண்டு, எஞ்சினின் கணினியே பெட்டியையும் பார்த்துக்கொள்ளும். டர்போ ஏற்றி 600 குதிரைத்திறன் என்று கனவு காண்பவர்களுக்கு வேறு கதை. அவர்கள் டர்போ ஹைட்ரமேட்டிக் 400-ஐயோ, ஓவர்டிரைவ் சேர்ந்த அதன் வாரிசான 4எல்80இ-யையோ பார்க்கட்டும். எடை கூடும், அடாப்டர் தட்டு வேண்டும், நடுவில் சுரங்கப் பகுதியின் தகட்டை வெட்டி விரிக்க வேண்டியும் வரலாம்.

வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகம். எஞ்சினை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இறுக்கிச் சொல்லிவிட்டது. பலர் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் மாட்டுகிறார்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டிக்குக் கிடைக்கும் ‘வின்டேஜ்’ பதிவும் அசல் வடிவம் குலையாத வண்டிகளுக்கு மட்டும்தான்.

எல்லாம் முடிந்து வண்டி ரோட்டில் இறங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கம்பியை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி ‘பி’-க்குக் கொண்டுவந்து, எண்ணெய்க் கோலை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடையுங்கள். புது எண்ணெய் சிவப்பாக இருக்கும்; எஞ்சின் ஆயிலோடு குழம்பாமலிருக்கச் சாயம் போட்டிருக்கிறார்கள். துணியில் படிந்தது சிவப்பு என்றால் நல்லது. பழுப்பாகி, மோந்தால் தீய்ந்த வாடை வந்தால் உள்ளே தகடு கருகுகிறது என்று பொருள். அளவு சரியா, கூலரின் விசிறி சுற்றுகிறதா, கேபிள் உள்ள பெட்டியானால் அது தளர்ந்திருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அடுத்த பௌர்ணமி வரை தள்ளிப்போட வேண்டாம்.